நான் மதிப்புப் போட்ட கார்

எனக்குக் கார் பிடிக்காது. முப்பது வருஷம் மோட்டார் சர்வேயராக இருந்தவன் இப்படிச் சொன்னால் சிரிக்கிறார்கள். பிணம் அறுக்கிற டாக்டரிடம் போய் உங்களுக்குப் பிணம் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. என் தொழிலும் அதுதான். கல்கத்தாவில் எங்கே லாரி கவிழ்ந்தாலும், மினிபஸ் எரிந்தாலும், டாக்ஸியை டிராம் இடித்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனி என்னை அனுப்பும். நான் போய் அடியில் படுத்து, என்ன போயிற்று, என்ன மிச்சம், மிச்சத்துக்கு என்ன விலை என்று எழுதிக் கொடுப்பேன்.

அந்த வேலையில் ஒரே ஒரு சடங்கு உண்டு. வண்டியின் சட்டத்தில் கம்பெனிக்காரன் அடித்த சேஸிஸ் எண் இருக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் ஏறும். அதை வெட்டி ரிப்போர்ட்டில் ஒட்ட வேண்டும். அந்தத் துண்டுத் தாள் இல்லாவிட்டால் ரிப்போர்ட் திரும்பி வந்துவிடும். வண்டி கண்ணெதிரே நிற்கும், சொந்தக்காரன் அழுதுகொண்டு நிற்பான், அதெல்லாம் கணக்கில் இல்லை. பென்சில் பிரிண்ட் வேண்டும்.

பழைய லாரிகளில் எண் துருவில் மூழ்கியிருக்கும். அதற்கும் வழி இருந்தது. பட்டறை மிஸ்திரியைக் கூப்பிட்டால் அவன் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, இரும்பு அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியால் தட்டி, அதே எண்ணை அதே இடத்தில் ஆழமாக அடித்துக் கொடுப்பான். முறைப்படி அதற்கு மனுப் போட வேண்டும், அதிகாரி முன்னால் அடிக்க வேண்டும். நான் பார்த்த வரை எவனும் மனுப் போட்டதில்லை. நானும் போட்டதில்லை. நூற்றுக்கணக்கான லாரிகளுக்கு இப்படி அடிக்க வைத்திருக்கிறேன். ஒரு லாரிக்காரன்கூட என்னைக் குறை சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் கிடர்பூர் துறைமுக குவார்ட்டர்ஸில் இருந்த அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் அப்பாவுக்கும் அவருக்கும் தூத்துக்குடி. இருவரும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள். அப்பா குமாஸ்தா, அண்ணாச்சி என்ஜினியர். அண்ணாச்சி வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் நின்றது. இங்கிலீஷ் கார். இரண்டே பேர் உட்காரலாம், மூக்கு நீளம், கூரை துணி. அறுபதுகளில் அவருடைய வெள்ளைக்கார மேலதிகாரி ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது. குடும்பத்தை ஏற்ற முடியாத காரை அன்று எவனும் வாங்கவில்லை. அப்போது கல்யாணமாகாத அண்ணாச்சி வாங்கினார்.

அது சாதாரண கார் இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது. அந்த மாடலை ஆயிரக்கணக்கில் செய்தார்களாம். ஆனால் பந்தயத்துக்கென்று ஒரே ஒரு வருஷம், கொஞ்சம் வண்டிகளை மட்டும், அலுமினிய உடலும் வேறு என்ஜினும் வைத்துச் செய்திருக்கிறார்கள். இது அதில் ஒன்று. பம்பாயில் பழைய கார் சேர்க்கிற ஒரு பணக்காரர் யார் மூலமோ கேள்விப்பட்டு, வாங்கிக்கொள்கிறேன், லைசென்ஸ் உள்ள சர்வேயரிடம் மதிப்பு ரிப்போர்ட் வாங்கி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

அண்ணாச்சிக்கு ரிட்டயர்மென்டுக்கு ஆறு மாசம் இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பி.எஃப். பணம் தங்கைகளின் கல்யாணங்களில் கரைந்துவிட்டது. பிள்ளைகள் கிடையாது. தூத்துக்குடியில் தகப்பனார் வீட்டில் அவருக்கு ஒரு பங்கு இருந்தது, அவ்வளவுதான். அவர் மனைவி, என் மதினி, காளிகாட்டில் பிறந்து பெங்காலிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் வீட்டுக்குள் பேசுவார், எழுதத் தெரியாது. தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்கு ஒரு தடவையும் மாமியார் சாவுக்கு ஒரு தடவையும் போயிருக்கிறார். பேஹாலாவில் கட்டிக்கொண்டிருந்த இரண்டு அறை ஃப்ளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். கார் விற்றால் ஃப்ளாட். விற்காவிட்டால் ரயில்.

"லாரிக்குப் போடுத மாதிரி போட்டுராதடே. இது வேற சரக்கு" என்றார் அண்ணாச்சி.

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி" என்றேன்.

எனக்குத் தெரியாது. அப்படி ஒரு காரை அதற்கு முன் நான் தொட்டதுகூட இல்லை. தெரியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வெட்கத்தோடு போயிருக்கும். அந்த வீட்டில் என்னைச் சின்ன வயதிலிருந்து குமாஸ்தா மகன் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே போய் எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதற்கு மேல் அதற்கு விளக்கம் கிடையாது.

இரண்டு நாள் பார்த்தேன். பெயின்டைத் தட்டிப் பார்த்தேன், டயரை அமுக்கினேன், லாரிக்குச் செய்வதையெல்லாம் செய்தேன். மதினி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"எவ்வளவு வரும்?"

"நல்லா வரும் மதினி."

"நல்லான்னா? ஃப்ளாட் வருமா வராதா, அதச் சொல்லு."

"வரும்."

"அப்ப ரண்டாவது ரூம் அவுகளுக்கு. ஓயாம ரேடியோ கேப்பாக. கதவச் சாத்திட்டு நான் நிம்மதியா இருப்பேன்."

அண்ணாச்சி கொட்டகை வாசலில் இருந்தே, "உன் நிம்மதிக்கு மூணு ரூமு வேணுமே" என்றார்.

கடைசியில் சேஸிஸ் எண்ணுக்கு வந்தேன். முன்பக்கச் சட்டத்தில் இருந்தது. கல்கத்தாவின் முப்பது மழைக்காலம் அதைத் தின்றிருந்தது. கண்ணால் சிரமப்பட்டுப் படிக்கலாம். தாளை வைத்துத் தேய்த்தால் சாம்பல் பூசின மாதிரி வந்தது. நான்கு தாள் வீணாயிற்று. ஆர்.சி. புத்தகத்தில் எண் தெளிவாக இருந்தது. அதுவும் இதுவும் ஒன்றுதான்.

கிடர்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மிஸ்திரியைக் கூட்டிவந்தேன். நல்ல கைக்காரன். காரைப் பார்த்ததும் அவன் கொஞ்சம் தயங்கினான்.

"தாதா, இது விலாயதி மால், சீமைச் சரக்கு. கை வைக்கலாமா?"

"இரும்புதானே. அடி" என்றேன்.

அடித்தான். வரிசை பிசகாமல், ஒரே ஆழத்தில், பளபளவென்று. தாளை வைத்து ஒரே இழுப்பில் தேய்த்தேன். அச்சடித்த மாதிரி வந்தது. அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார். அப்படியொரு பிரிண்டை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. ரிப்போர்ட்டில் ஒட்டினேன். மதிப்பு என்ற கட்டத்தில் ஃப்ளாட்டின் விலைக்குக் கொஞ்சம் மேலாக ஒரு தொகையை எழுதினேன். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மதினியின் வாயிலிருந்து வந்தது.

பம்பாய்க்காரர் நேரிலேயே வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை. எங்களோடு இங்கிலீஷில் பேசினார். முதல் ஒரு மணி நேரம் அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கதவின் கீலைத் தொட்டுச் சிரித்தார். என்ஜினைப் பார்த்து, "கடவுளே, எதையுமே மாற்றவில்லை" என்றார். அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மதினி சமையலறைக்குப் போய் சந்தேஷ் இனிப்பைத் தட்டில் அடுக்கினார்.

அப்புறம் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு சட்டத்தின் பக்கம் குனிந்தார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

"இதை யார் அடித்தது?"

"நான்தான் அடிக்க வைத்தேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எண் மறைந்திருந்தது, தெளிவாக்கினேன், பிரிண்ட் ரிப்போர்ட்டில் இருக்கிறது, புத்தகத்தோடு ஒத்துப்போகிறது.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஏதோ குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். சாதாரண மாடலை வாங்கி, இந்த என்ஜினையும் அலுமினியத்தையும் தேடிப் பொருத்தி, எண்ணை மாற்றி அடித்து விற்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதனால் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். அந்தக் கம்பெனியின் அச்சில் நான்கு என்ற இலக்கத்துக்கு மேல்பக்கம் திறந்திருக்கும். உங்கள் மிஸ்திரியின் நான்கு மூடியிருக்கிறது. துருப்பிடித்த பழைய நான்கு பாதி தெரிந்தால் போதும், அதுவே சாட்சி. அதைத்தான் நீங்கள் தேய்த்து எடுத்துவிட்டீர்கள்.

"முப்பது வருஷமா இதே கொட்டகையில நிக்குது. இந்தக் குவார்ட்டர்ஸ்ல யாரை வேணுமானாலும் கேளுங்க" என்று கத்தினேன்.

"கேட்க வேண்டாம். நான் நம்புகிறேன். எனக்கப்புறம் வாங்குகிறவன் நம்ப மாட்டான். விலை என்பது அவன் நம்புவதற்குத்தான்."

ரிப்போர்ட்டில் இருந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார். உதிரிப் பாகங்களின் விலை. யோசித்துச் சொல்லுங்கள் என்று சந்தேஷைத் தொடாமல் போனார்.

அண்ணாச்சி காரின் துணிக் கூரையை இழுத்து மூடினார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மதினிதான் தட்டோடு வந்து என் முன்னால் நின்றார்.

"தெரியும்னு உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"மதினி, லாரிக்கெல்லாம்..."

"லாரியா இது? அவுக மொதல்லயே சொன்னாகல்ல. போகா. படிச்ச போகா."

போகா என்றால் முட்டாள். கல்கத்தாவில் பிறந்த எனக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

நான்கு மாசம் வேறு ஆள் தேடினோம். நானும் அலைந்தேன். வந்தவனெல்லாம் பம்பாய்க்காரர் சொன்னதைக் கேள்விப்பட்டு வந்தான். அந்த உலகத்தில் ஐம்பது பேர்தான், ஒருத்தனுக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போயிற்று. கார்க் காகிதங்கள், காரை விற்றபோது வெள்ளைக்காரன் கைப்பட எழுதிக்கொடுத்த கடிதம், அறுபதுகளில் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். பேஹாலா ஃப்ளாட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷ மழைக்கு முன்னால் இருவரும் தூத்துக்குடிக்குப் போனார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஒரு கிளெய்ம் விஷயமாக சாந்த்ராகாச்சிப் பக்கம் போக வேண்டியிருக்கிறது என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை கல்கத்தாவில் பழைய கார் ஊர்வலம் நடந்தது. எனக்கு வேடிக்கை பார்க்கிற எண்ணமே இல்லை, அந்த வழியாக நடந்து போனேன். அந்தக் கார் நின்றது. பச்சை பெயின்ட் மின்னியது. பக்கத்தில் ஒரு பலகையில் அதன் சரித்திரம். கல்கத்தாவில் ஓர் இந்திய என்ஜினியரிடம் முப்பது ஆண்டுகள் இருந்தது என்று ஒரு வரி. பம்பாய்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க, மிஸ்டர் சுத்தியல்."

விலை கேட்டேன். ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டிருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை என்று ஒரு தொகையைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

"அடுத்தவன் நம்ப மாட்டான்னு சொன்னீங்களே."

"கடிதத்தையும் போட்டோக்களையும் இங்கிலாந்தில் இந்தக் கார்க்காரர்களின் சங்கத்துக்கு அனுப்பினேன். கம்பெனியின் பழைய பதிவேடு அவர்களிடம் இருக்கிறது. ஒத்துப்பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்ப அடித்த எண் என்று அதிலேயே குறித்துவிட்டார்கள். இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை."

"இப்படி ஒரு வழி இருக்குன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

அவர் கோபப்படவில்லை. "நான் வாங்க வந்தவன். மதிப்புப் போட வந்தது நீங்கள்தானே? உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

அந்த ஆளை நான் இன்றுவரை திட்டுகிறேன். ஆனால் அந்தச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க எனக்கு வெளிநாட்டுத் தபால்தலை ஒன்றுதான் செலவாகியிருக்கும். யாரிடமாவது கேட்பது என்பதே எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தவன் எதற்குக் கேட்பான்?

அடுத்த வருஷம் அண்ணாச்சி இறந்துபோனார். காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. தூத்துக்குடிக்குப் போனேன். வீட்டின் முன்பகுதியில் அண்ணாச்சியின் தம்பி குடும்பம். மதினி பின்கட்டில் ஒரே அறையில் இருந்தார். இளைத்திருந்தார். ஊர்வலத்தில் பார்த்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று ரயிலில் இரண்டு நாள் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பெங்காலியில் பேச ஆரம்பித்தார்.

"வேற எந்த ஊரா இருந்தாலும் உன்ன வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன். இங்க என்கூட பெங்காலி பேச ஒருத்தரும் இல்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். காளிகாட்டில் எந்தெந்தக் கடை இருக்கிறது, இல்லிஷ் மீன் இப்போது என்ன விலை, கிடர்பூர் டிராமில் கூட்டம் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். மூன்று மணி நேரம் போயிற்று. நான் எழுந்தபோது, "புதன்கிழமை தம்பி வீட்டாளுக கோயிலுக்குப் போவாக. போன் சும்மா இருக்கும். பண்ணு. காரப் பத்திப் பேசாத" என்றார்.

அவர் இருந்த வரைக்கும் புதன்தோறும் பண்ணினேன். கல்கத்தாவில் உள்ள எல்லாரையும் விசாரிப்பார். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.