மேட்டாங்காட்டுக் கோல்ஃப்

மாமா வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறார் என்றதும் சொந்தபந்தம் எல்லாம் சென்ட் பாட்டிலை எதிர்பார்த்தது. அவர் கொண்டுவந்தது நாலு இரும்பு மட்டையும் ஒரு பை நிறைய வெள்ளைப் பந்தும். அங்கே பாலைவனத்தில், யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து ஆடுகிற ஒரு கோல்ஃப் மைதானத்தில் மணல் நிரவும் வேலை பார்த்தவர் அவர். புல்லே கிடையாதாம், எல்லாம் மண்தானாம். மண்ணுக்கு நம்மூரில் என்ன பஞ்சம் என்று கேட்டார்.

ஊத்துக்குளிப் பக்கம் அப்பாவுக்கு ஒரு மேட்டாங்காடு இருந்தது. எதை விதைத்தாலும் எங்களை ஏமாற்றிய வானம் பார்த்த பூமி. அதில் மாமா ஆறு குழி தோண்டினார். குழியைச் சுற்றி, பந்து உருளத் தோதாக, அப்பாவின் பனியன் கம்பெனி நிட்டிங் மிஷினின் கழிவு எண்ணெயை மணலில் கலந்து அழுத்தினார். அங்கே வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணிதான் கொடிகள். பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு பச்சைப் பாய்த் துண்டு; அதைக் கையோடு தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். பனியன் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்கிறார்கள், அவர்கள் வந்தால் போதும் என்பது மாமாவின் கணக்கு.

அப்பாவின் கணக்கு வேறு. வீட்டுமனை போடுகிற ஒருவர் அந்தக் காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நானே ஒருக்கா ஆடிப் பாக்கறேன். தேறும்னா நீயே வெச்சுக்க. தேறாதுன்னா வித்துப்போடுவேன்" என்று அப்பா மாமாவிடம் சொல்லிவிட்டார். விற்றால் மாமா மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். போன தடவை தன் தம்பி போனபோது அம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்பா ஆடப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பள்ளிப் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

முதல் குழியிலேயே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"ஏனப்பா மாப்ள, இதென்ன ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்குது?"

"நெரவிப்போடலாங்க மச்சான்."

இரண்டாவதில் எண்ணெய் செருப்பில் ஒட்டியது. மூன்றாவதில் நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, பாய்த் துண்டு சின்னது. கொடித் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து அதிலும் ஒரு சாயக் குறையைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு குறைக்கும் மாமா விமானத்தில் ஒரு படி ஏறிவிட்டதாக எனக்குப் பட்டது. மாமாவோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மனுஷனுக்கு ஒரு விவரமும் புரியவில்லையே என்று அவர்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

நாலாவது குழிக்குப் போகும்போது அப்பாவின் பந்து முள்ளுக்குள் போய்விட்டது. தேடி எடுத்து நிமிர்ந்தவர், காட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. எங்களைத் தவிர ஆட வந்தவர் ஒருத்தரும் இல்லை. ரோட்டில் போன மொபெட்காரர் வேடிக்கை பார்க்கக்கூட நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஆளே மாறிப்போனார். ஐந்தாவது குழி அருமை என்றார். பந்து கோணலாகப் போனதற்குக்கூடச் சிரித்தார். ஆறாவதில் மாமாவின் தோளைத் தட்டினார். "சூப்பராப் பண்ணியிருக்கறே மாப்ள. துபாய் தோத்துது போ!"

மாமா குனிந்து பாய்த் துண்டுகளைச் சுருட்டத் தொடங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறவர்களுக்காகப் பத்திரப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியிலிருந்து குதித்துச் சமையலறைக்கு ஓடினேன். அம்மா பருப்பு கடைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு!"

"கொறை ஏதாச்சும் சொன்னாரா கண்ணு?"

"மொதல்ல நெறையச் சொன்னாருங்கம்மா. அப்பறம் ஒண்ணுமே சொல்லலை. எல்லாமே சூப்பர்ங்கறாரு."

அம்மா மத்தை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்று நானும் சாம்பிள் பனியனோடு, வாங்க வரும் பையர்கள் முன்னால் உட்காருகிறவள். கழுத்து சரியில்லை, தையல் கோணல் என்று உயிரை எடுக்கிறவர்தான் ஆர்டர் தருவார். துணியைத் தடவித் தடவிப் புகழ்கிறவர் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார். பனியன்காரர் வீட்டில் இது தெரியாத ஒரே ஆள் அன்று நான்தான். உட்கார்ந்திருந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இனிமேல் மாமா எங்கேயும் போக மாட்டார் என்று சொல்லிச் சொல்லிக் குதித்தேன்.