வாடிக்கையாளருக்கெல்லாம் சொன்ன அக்கா, எனக்குச் சொல்லவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அக்காவின் வாடிக்கையாளர்களுக்கும் வணக்கம். அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது, இனியாவது சாந்தமாக எழுது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். மரியாதையாக ‘அவர்’ போட்டு எழுது என்றும் சொன்னார். ‘அவர்’ போட்டுவிடுகிறேன். சாந்தம் என் கையில் இல்லை. அக்கா மேல் எனக்கு இருக்கும் கோபம் ஓராண்டில் ஒரு துளியும் ஆறவில்லை. தனக்கு வந்த நோயை நூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்களுக்கு எழுதித் தெரிவித்தவர், அடுத்த அறையில் படுத்திருந்த தம்பிக்குச் சொல்லவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். புகழுரை வேண்டுவோர் அடுத்த பக்கத்தில் சித்தி எழுதியிருப்பதைப் படிக்கலாம். அழகாக எழுதியிருக்கிறார்.

அக்கா பிறந்தது டெல்லி மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அமைச்சக எழுத்தர். வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், கதவைத் திறந்தால் ஹிந்தி. தமிழ்ப் பள்ளியில் அக்கா முதல் மாணவி. நான்கு வருடம் கழித்து அதே வகுப்புகளுக்குள் நான் நுழைந்தபோது ஒவ்வொரு ஆசிரியரும் “நீ அவ தம்பியா?” என்று கேட்டார்கள். முதல் வாரம் சந்தோஷமாகக் கேட்டார்கள், பிறகு சந்தேகமாக. அப்பா ஓய்வு பெற்றதும் மயூர் விஹார் சொசைட்டி ஃப்ளாட்டுக்கு வந்தோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கே அக்காவும் நானும் மட்டும். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. அக்காவைக் கேட்டுக் கேட்டுக் குடைந்தீர்கள். உங்கள் மேலும் கோபம் உண்டு. வரிசையில் நில்லுங்கள்.

அக்கா செய்த தொழில் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. கல்யாண வீட்டில் அக்காவைக் கண்டதும் போனை நீட்டி, “மெதுவா ஓடுது, கொஞ்சம் பாரு” என்றவர்கள்தானே நாம். ஒரு கடைக்கோ பல் டாக்டருக்கோ வலைத்தளம் இருந்தால், அது எப்போதும் அணையாத ஒரு கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில், குடியிருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் இடம் வாடகைக்குக் கொடுப்பதுதான் ஹோஸ்டிங். முதலில் அக்கா ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலையில் போன் எடுத்துக்கொண்டிருந்தார். தளம் விழுந்துவிட்டது என்று யாராவது கதறினால், “எங்கள் பொறியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று சொல்ல வேண்டும். பார்க்க அங்கே எந்தப் பொறியாளரும் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோய் வேலையை விட்டார். வீட்டின் பின்னறையில் மேசை போட்டு, ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, ஐந்து வாடிக்கையாளர்களுடன் சொந்தமாகத் தொடங்கினார்.

அப்போது நான் டெல்லிப் பனிமூட்டத்தில் சூரிய ஹீட்டர் விற்றுக்கொண்டிருந்தேன். அதற்கு முன் விற்றவையும் அதே லட்சணம்தான். பாவப்பட்டு அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டார். நானே என் செலவில் ‘இயக்குநர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன்.

சேர்ந்த முதல் மாதமே ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட்டு, பேப்பர் போடும் பையாவிடம் கொடுத்து வீடு வீடாகச் செருகிவிட்டேன். ‘அளவில்லாத இடம்! அளவில்லாத வேகம்!’ ஒரே வாரத்தில் முப்பது பேர் சேர்ந்தார்கள். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றபோது அக்கா பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஏல, அளவில்லாத எடம்னா என்னலே? நாம வாடகைக்கு எடுத்திருக்குத மெஷினுக்கே அளவு இருக்குல்லா.”

எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், யாரும் முழுசாகப் பயன்படுத்த மாட்டார்கள் என்று விளக்கினேன். அக்கா பட்டியலை எடுத்தார். முப்பது பேருக்கும் போன் போட்டார். தம்பி அச்சிட்டது பொய், உங்களுக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவுதான், உங்கள் தளத்துக்கு அது தாராளம், வேண்டாமென்றால் கட்டியதைத் திருப்பித் தருகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பாதிப் பேர் போனார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

போகாதவர்களில் ஒருவர் பழைய டெல்லியில் பாதாம், முந்திரி மொத்த வியாபாரம் செய்பவர். எங்களுக்கு அவர் லாலாஜி. இத்தனை வருடக் கடையில், வாங்கியவனுக்குப் போன் செய்து ‘நான் சொன்னதைவிடக் குறைவுதான் தருவேன்’ என்று சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லையாம். அவர் தெருவில் பாதிக் கடைகளை அவரே அழைத்து வந்தார். தொழில் வளர்ந்தது அப்படித்தான். ‘வளர்ச்சி என் சாதனை’ என்று சில கல்யாணங்களில் நான் பேசியிருக்கிறேன். மன்னிக்கவும்.

அக்கா இன்னொன்றும் செய்தார். சின்ன ஹோஸ்டிங்காரர்களில் சிலர் வாடிக்கையாளரின் தளப் பெயரைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். அவன் ஓட முடியாது. அக்கா ஒவ்வொன்றையும் அவரவர் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொல் என்கிற சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். போனால் போகட்டும் என்பார்.

தளம் எப்போதாவது படுத்துவிட்டால் அக்காவிடமிருந்து எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும். எப்போதும் மூன்றே தலைப்புகள். என்ன நடந்தது, உங்களுக்கு என்ன பாதிப்பு, நீங்கள் செய்ய வேண்டியது. ஒருமுறை ‘என்ன நடந்தது’ என்பதற்குக் கீழே ‘என் தம்பி தவறான பொத்தானை அழுத்திவிட்டார்’ என்று எழுதியிருந்தார். அன்று முதல் டெல்லியில் நான் முகம் தெரியாத நூறு பேருக்கு நன்கு அறிமுகமானவன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. அல்சர் என்றார். நம்பினேன். நம்பியது மட்டுமா, ஊறுகாயைக் குறை, மிளகாயைக் குறை என்று பெரிய மனுஷனாக உபதேசம் வேறு செய்தேன். வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறேன் என்று வாரம் ஒருமுறை மெட்ரோ ஏறிப் போவார். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

ஒரு நாள் மத்தியானம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாலாஜி போன் செய்தார். குரல் தழுதழுத்தது. தைரியமாக இரு மகனே என்றார், கடவுள் இருக்கிறார் என்றார். தளம் படுத்துவிட்டது போலிருக்கிறது, பாவம் மனிதர் இப்படி உடைந்துவிட்டாரே என்று நினைத்தேன். என் வாய் தன் வழக்கப்படி பதில் சொன்னது: “கவலைப்படாதீங்க லாலாஜி, அரை மணி நேரத்துல சரியாயிடும்.”

அவர் மெதுவாக, “உன் அக்கா உனக்குச் சொல்லவில்லையா?” என்று கேட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்பே எல்லாருக்கும் மின்னஞ்சல் போயிருந்தது. என் முகவரியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார். லாலாஜியின் மகன் எனக்கு அனுப்பிவைத்தார். அதே மூன்று தலைப்புகள். என்ன நடந்தது: எனக்குக் கணையத்தில் புற்றுநோய். உங்களுக்கு என்ன பாதிப்பு: இப்போது ஒன்றுமில்லை, சில மாதங்களில் நான் போனை எடுக்க முடியாமல் போகலாம். நீங்கள் செய்ய வேண்டியது: தளத்தின் பெயர் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, நம்பகமான வேறு மூன்று இடங்களைக் கீழே கொடுத்திருக்கிறேன், மாறுவதானால் நானே மாற்றித் தருகிறேன். கடைசியில் ஒரு வரி: தம்பிக்கு இன்னும் தெரியாது, அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். மூன்று மாதம் ஆகிவிட்டதே, இந்நேரம் சொல்லியிருப்பார் என்று லாலாஜி நினைத்துவிட்டார்.

வெண்டைக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். பாதாம் விற்கிறவருக்குத் தெரியும், பல் பிடுங்குகிறவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா என்று கத்தினேன். பக்கத்து ஃப்ளாட் பஞ்சாபி ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தார். அக்கா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பவே இல்லை. “உக்காருல, சர்வர் வேலையச் சொல்லித் தாரேன்” என்றார். நான் உட்காரவில்லை. நான்கு நாள் அவரோடு பேசவில்லை. லாலாஜி போன் செய்த நாளிலிருந்து அக்கா இருந்தது ஆறு வாரம். ஆறு வாரத்தில் நான்கு நாளை வீம்புக்குக் கொடுத்த மேதை நான். என் கோப வரிசையில் முதல் ஆள் யாரென்று இப்போது தெரிந்திருக்கும்.

ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தேன். படுக்கையில் சாய்ந்தபடி சொல்லிக் கொடுத்தார். இரண்டு தடவை தவறாக அழுத்தினேன். மூன்றாம் தடவை, “பரவால்ல, இதுக்கு மேல கெடுக்க ஒண்ணும் இல்ல” என்றார்.

அக்கா போன பதின்மூன்றாம் நாள், உறவினர் ஒருவர் ஒரு பெரிய கம்பெனியின் விலையோடு வந்தார். மொத்தமாக வாங்கிக்கொள்வார்களாம். வாடிக்கையாளரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாமாம், பெயர்களையெல்லாம் கம்பெனி பேருக்கு மாற்றிவிட்ட பிறகு சொன்னால் போதுமாம். எழுந்து அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். பதில் சொல்லவில்லை. இன்று இந்த ஆண்டு நினைவுப் பந்தியிலும் இருக்கிறார். இதுதான் பதில்.

அன்று சாயங்காலமே எல்லாருக்கும் நான் எழுதினேன். என்ன நடந்தது: அக்கா இல்லை. உங்களுக்கு என்ன பாதிப்பு: இனிமேல் நான். நீங்கள் செய்ய வேண்டியது: இதைப் படித்ததும் வேறு இடம் பாருங்கள். விரல் விட்டு எண்ணும்படியான சிலரே போனார்கள். மற்றவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. போகாத பல் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், உங்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று. அவர் சொன்னார்: “வேறு இடங்களில் விசாரித்தேன். தனக்கு வேலை தெரியாது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.”

இந்த ஓராண்டில் தளங்கள் இரண்டு முறை படுத்தன. இரண்டும் என் தவறு. இரண்டையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நன்றி சொல்லும் இடம் இது. வலியைக் குறைத்துத் தந்த டாக்டரம்மாவுக்கும், ஆறு வாரமும் கஞ்சி வைத்துக் கொடுத்த பஞ்சாபி ஆன்ட்டிக்கும், சுடுகாட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற லாலாஜிக்கும், வீம்பாக என்னிடமே இருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி. அக்காவுக்கு நன்றி சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு காலையில் மறுபடியும் கேட்டேன். இந்த முறை கத்தவில்லை. “ஏ அக்கா, அத்தன பேருக்குச் சொன்னியே, எனக்கு ஏன் சொல்லல?”

என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைக்கூடவா விளக்க வேண்டும் என்பது போன்ற பார்வை.

“அவங்க வேற எடம் பாக்கணும்லா, அதுக்கு நாள் வேணும்,” என்றார். “நீ வேற எங்கலே போவ?”

இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் மேல் எப்படி ஐயா கோபம் ஆறும்?