துண்டு போட்ட இடம்

எங்கள் மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். கேட்காமல் கொள்ளாமல் நுழைந்து, அடுப்படியில் சற்று நின்றுவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்விடும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். துணி காயாது, விறகு புகையும், குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும். ஆனாலும் அந்த வருஷங்களை இப்போது நினைத்துப் பார்த்தால், நடந்ததெல்லாம் அந்த மேகத்துக்குள் நடந்ததாகவே தோன்றுகிறது. சில முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன, சில தெரியவில்லை. ஒரு துண்டு மட்டும் அதன் பச்சைக் கரையோடு அப்படியே தெரிகிறது.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர்க்கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் ஏறி, பிறகு இறங்கி நடக்கிற ஊர் எங்களுடையது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பலா மரத்தடியில் கூட்டம் நடக்கும். வட்டமாக உட்காருவார்கள். வீட்டுக்கு ஓர் இடம், அந்த இடம் ஆணுக்கு. பெண்கள் வேலியோரம் நின்று கேட்கலாம், அவ்வளவுதான். ஊர்க்கவுண்டர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருவார். எல்லோரும் சரி என்றால்தான் சரி. ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆள் வெளியூர் போயிருந்தால் அவன் மனைவி அவனுடைய துண்டைக் கொண்டுபோய் அவன் இடத்தில் போட்டுவிட்டு வேலிக்குத் திரும்பிவிட வேண்டும். துண்டு கிடந்தால் ஆள் இருக்கிற கணக்கு. துண்டு வாயைத் திறக்காது என்பதால் அது எப்போதும் சரி என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஊரிலேயே வம்பு பண்ணாத ஆம்பளை இந்தத் துண்டுதான் என்று நாங்கள் வேலியோரம் சிரித்துக்கொள்வோம். ஆள் செத்துப்போனால் மகன் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவான். மகன் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர்கள் நெருங்கி உட்கார்ந்து இடத்தை மூடிவிடுவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நான் கட்டிக்கொண்டு வந்த மனுஷனுக்கு வாய் அதிகம். கூட்டத்தில் முதலில் பேசுவதும் அவர்தான், எல்லோரும் முடித்த பிறகு இன்னொரு முறை பேசுவதும் அவர்தான். கோபம் வந்தால் எழுந்து நின்று பேசுவார். வீட்டுக்கு வந்ததும் நான் மிச்சத்தைப் பேசுவேன். அதனால் எங்கள் வீட்டில் சத்தத்துக்குக் குறைவே கிடையாது.

அந்த வருஷம் மரவள்ளிக் கிழங்கின் விலை விழுந்தது. கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் மாவு தேங்கிக் கிடக்கிறது, இப்போதைக்குக் கிழங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிடுங்கி, சுமந்து, லாரியில் ஏற்றிச் சின்னசேலம் பக்கம் கொண்டுபோனால் லாரி வாடகைக்கே காணாது. எல்லோரும் கிழங்கை மண்ணிலேயே விட்டுவிட்டோம். அது முற்றி நாராகிப் போனது. வயிற்றுக்குச் சாமை இருந்தது. உப்புக்கும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் என்ன செய்வது?

அப்போதுதான் ஒரு ஏஜெண்ட் ஜீப்பில் வந்தார். ஆந்திரா பக்கம் மரம் வெட்டும் வேலை, கொஞ்ச நாள்தான், கை நிறையச் சம்பளம் என்றார். என்ன மரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் போக முடியாது.

கூட்டம் கூடியது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"கெழங்கு மண்ணுல கெடந்து அழுவுது. நாம இங்க குந்திக்கினு இன்னா பண்றோம்? நான் போறேன். வர்றவன் வா."

சரி, சரி என்று வட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வேலியோரம் நின்ற நான் "வேணாம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற அண்ணி என் இடுப்பில் கிள்ளினாள். வட்டத்திலிருந்து ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பச்சைக் கரைத் துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டார்.

"நான் வர்ற வரைக்கும் துண்ட போட்டு வை, புள்ள" என்றார். ஜீப் இருக்கும் இடத்துக்கு நடந்து போனார். பாதையில் மேகம் இறங்கியிருந்ததால் கொஞ்ச தூரத்திலேயே ஆள் தெரியவில்லை.

கூடப் போனவர்களில் சிலர் தனித்தனியாகத் திரும்பி வந்தார்கள். செம்மரக் காட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, ஆளுக்கொரு பக்கம் ஓடினோம் என்றார்கள். "அண்ணன நான் பாக்கலக்கா" என்று ஒவ்வொருவனும் தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு மலையின் மறுபக்கத்து ஊருக்கு வேனில் ஓர் உடல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் இல்லை. அந்த வீட்டுக்காரி மண்ணில் புரண்டுகொண்டிருக்கிறாள், எனக்கோ மனசுக்குள் சந்தோஷம் பொங்குகிறது. அப்படி ஒரு சந்தோஷத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அதற்குப் பிறகு மலையில் கெடுபிடி. பஸ்ஸை நிறுத்தி ஆண்களை இறக்கி எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போகிறவனும் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். எந்த ஜெயில் என்று தெரிந்தால் தேடலாம், இருப்பது ஜெயிலில்தானா என்பதே தெரியவில்லையே அம்மா என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அந்த 'தானா' எனக்குப் பிடிக்கவில்லை.

மழை விடாத பகல்களில் சுவரில் சாய்ந்தால் கனவு வரும். அவர் மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பஸ் வளைந்து வளைந்து ஏறும். ஒரு வளைவு முடிந்தால் மேலே இன்னொரு வளைவு முளைத்திருக்கும். நான் உச்சியில் நின்று துண்டை ஆட்டிக்கொண்டே இருப்பேன். அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார், வழக்கம்போல. விழித்துக்கொண்டால் துண்டு மடியில் இருக்கும். அதை நான் துவைக்கவில்லை. வாசனை போய்விடும் என்று பயம். துவைக்காமலேயே ஒருநாள் போய்விட்டது.

கூட்டம் கூடும்போதெல்லாம் துண்டைப் போட்டு வந்தேன். முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி உட்கார ஆரம்பித்தார்கள். துண்டை நான் மடித்துப் போட வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவர்களையெல்லாம் ஓட்டுப் போட வேன் வைத்துக் கூட்டி வந்தார்கள். பிழைக்க வழி கேட்டபோது வராத வேன்கள். என் வீட்டுக்காரருக்கும் ஓட்டு இருந்தது. ஊர்க்கூட்டத்துக்குச் செல்லுகிற துண்டு இதற்கும் செல்லும் என்று நான் நம்பினேன். ஊரிலும் யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஜீப் நிற்கிற இடத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன்.

உள்ளே ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து டியூட்டிக்கு வந்த டீச்சர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு மை வைத்தார். வெள்ளை, ரோஸ், பச்சை, மஞ்சள் என்று சீட்டுகளைக் கொடுத்தார். நான் துண்டை மேசைமேல் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"எங்க வூட்டுக்காரருங்க."

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூட்டு சாவிச் சின்னத்துக்கு ஒருவரும் ஆட்டோ சின்னத்துக்கு ஒருவரும் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் எங்கள் ஊர்க்காரர்கள். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒன்றாகத் தலையாட்டினார்கள். "ஆமாங்க டீச்சர், அவருதாங்க."

"துண்டுக்கு எந்த வெரல்ல மை வெக்கறது?" என்றார் டீச்சர். சிரிக்காமல்தான் கேட்டார். "ஆளு வரணும்மா. சாயங்காலம் வரைக்கும் பொட்டி இங்கதான் இருக்கும், வந்தார்னா போடட்டும். எங்க இருக்காரு?"

 இரண்டு ஏஜெண்டுகளும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஊர் எனக்கு முன்னால் சொல்லாமல் வைத்திருந்தது என்ன என்று அந்தப் பார்வையில் எனக்குப் புரிந்தது.  டீச்சரும் புரிந்துகொண்டார் போல. துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "ஒன் ஓட்ட நீ போடும்மா" என்றார் மெதுவாக.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். முன்பெல்லாம் எதில் குத்த வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்புவார். இந்த முறை சொல்ல ஆள் இல்லை. முத்திரையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்கு எது வேண்டும் என்று முதல் தடவையாக என்னையே கேட்டுக்கொண்டேன். யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக்கூடச் சொன்னதில்லை.

சாயங்காலம் வரை பள்ளிக்கூட வாசலில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். மேகத்துக்குள்ளிருந்து வேன்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இறங்கிய முகங்களில் அவர் முகம் இல்லை.

தேர்தல் முடிந்தது. ஜெயித்தவர் மாலையோடு சுற்றி வந்தார். கிழங்கின் விலை ஏறவில்லை. மரம் வெட்ட ஆள் கூட்டிப்போன அந்த ஏஜெண்ட் மறுபடியும் வந்தார். இந்த முறை வேறு பக்கம், போலீஸ் தொல்லை கம்மி, காசு ஜாஸ்தி என்றார். என் கொழுந்தன் போகிறேன் என்று நின்றான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன்கள் சிலரும் நின்றார்கள். கூட்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கொண்டுபோய்ப் போட்டால், அந்தப் பையன்கள் போகட்டும் என்று அவரும் சரி சொன்ன கணக்கு. போடாவிட்டால் அவர் செத்துவிட்டார் என்று நானே ஊருக்குச் சொன்ன கணக்கு. இரண்டில் எது நடந்தாலும் அதை இந்தக் கையால் செய்ய வேண்டும். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை. அவர்மேலும் வந்தது.

போனேன். நெருங்கி உட்கார்ந்திருந்தவர்களை விலகச் சொன்னேன். துண்டை மடிக்காமல் முழுசாக விரித்தேன். வேலிக்குத் திரும்பவில்லை. அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா பொம்பள இது, எந்திரி" என்று சத்தம் கிளம்பியது. நான் எழுந்திருக்கவில்லை. ஊர்க்கவுண்டர் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். அவர் எனக்கு மாமா முறை.

"இன்னாம்மா பண்ற?"

"துண்டு பேசாது மாமா. அதான் நான் வந்தேன். எங்க வூட்டுல வேணாம்னு சொல்றோம். ஒருத்தரும் போவ வேணாம்."

அவர் எனக்கு அடியில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"அந்த எடத்துலேந்து வந்த பேச்சு, எடுத்துக்கத்தான் வேணும்" என்றார். "அவன் வர்ற வரைக்கும் குந்து. அவன் வந்தா எந்திரிச்சிடணும்."

"வந்தா ஓடியே போயிடறேன் மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஏஜெண்டின் ஜீப் காலியாக இறங்கிப்போனது. கொழுந்தன் பல மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, கண்ணுக்கு முன்னால் திரிந்துகொண்டிருந்தான்.

சில வருஷம் கழித்து, ஒரு மாசி மாதம் அவர் வந்தார். ஆந்திரா ஜெயிலில் வைத்திருந்து, வழக்கில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டுவிட்டார்களாம். கனவில் வந்த பஸ்ஸில் வரவில்லை, சாதாரணமாக நடந்து வந்தார். தலை நரைத்திருந்தது. வாசலில் நின்றார், நான் உள்ளே கூப்பிடும்வரை நின்றுகொண்டே இருந்தார். அழுதேன், திட்டினேன், சோறு போட்டேன். இவ்வளவு வருஷம் ஒரு சேதி அனுப்பத் தெரியவில்லையா என்று கேட்டேன். வாய் அதிகம் உள்ள மனுஷன் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த கூட்டத்துக்குச் சேர்ந்து போனோம். பழக்கத்தில் நான் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு மாமாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து எழுந்தேன். என் வீட்டுக்காரர் வட்டத்துக்கு வெளியே, பெண்கள் பக்கம், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் துண்டு வரைக்கும் வந்து, தலை குனிந்து நின்றார்.

"குந்தட்டுமா?" என்று கேட்டார்.

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. இந்த வட்டத்தில் எழுந்து நின்று கத்தியவர். இத்தனை வருஷம் எங்கோ ஓர் இடத்தில் உட்காருவதற்குக்கூட உத்தரவு கேட்டு நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

"உங்க எடங்க" என்றேன். "குந்துங்க."

அவர் துண்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். மீதிப் பாதியைக் காலியாக விட்டிருந்தார். அதைக் கையால் ஒருமுறை தடவி நேராக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். அவர் குடிதண்ணீர்க் குழாய் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். நான் உட்கார்ந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.