மூன்று வீட்டு இசைத்தட்டு

பதுளைக் கடைவீதியில் தாஸிம் நாநாவின் இரும்புக் கடைக்குச் சரக்கு கொண்டுவந்து போட்டவர்கள் நிம்மதியாகத் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. மண்ணெண்ணெயை மோந்து பார்ப்பார். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஆணிப் பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவுவார். பூனாகலையிலிருந்து வரும் கங்காணி ஒருவர், "நாநா, நான் வாங்க வந்தவன். என்னையும் ஏன் மோந்து பாக்குறீங்க?" என்று கேட்டே விட்டார்.

அப்படிப்பட்ட மனுஷன் பாட்டுப் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. தோட்டத்துத் தெம்மாங்கை எடுத்துக் கிட்டாரும் பொங்கோ மேளமும் சேர்த்துப் பாடிய 'நீலக்குன்று கோஷ்டி' என்றால் அவருக்கு உயிர். அவர்கள் போட்ட ஒரே இசைத்தட்டு பதுளையில் அவரிடம் மட்டுமே இருந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஊசி தேய்ந்தால் வேறு ஊசி கிடைக்காது. தட்டு கீறினால் வேறு தட்டு கிடைக்காது.

ஆகவே மூன்று சிநேகிதர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். தட்டு தாஸிம் வீட்டில் இருக்கும். ஊசி, தீப்பெட்டிக்குள் பஞ்சு சுற்றி, புடவைக்கடை ராமநாதனிடம் இருக்கும். தட்டு போட்டுக் கேட்கும் ரேடியோகிராம் மர்ஸூக்கின் வீட்டில். அவருக்கு ரேடியோ திருத்தும் வேலை, கடைக்குப் பின்னாலேயே வீடு. ஞாயிறு பின்னேரம் மூவரும் மர்ஸூக் வீட்டில் கூடினால்தான் பாட்டு. தனியாக ஒருத்தரும் கேட்டுவிட முடியாது. யோசனை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

பாட்டு கொஞ்ச நேரம், சண்டை நெடுநேரம்.

"மேடையில கேக்கணும் நாநா," என்பார் ராமநாதன். "பண்டாரவளையில லைட்டு போயிடுச்சு. மைக்கும் இல்ல. மூணாவது பாட்ட இருட்டுலயே பாடி முடிச்சாங்க. தட்டுல வருமா அது?"

"லைட்ட அவங்களே நிப்பாட்டியிருப்பாங்க," என்பார் தாஸிம். "மேடையில பிழை விட்டா சிரிச்சுச் சமாளிக்கலாம். தட்டு பொய் செல்லாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டு பொய் சொன்னது. மூன்றாவது பாட்டின் நடுவில், கிட்டார் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும் இடத்தில், 'டிக்' என்று ஒரு சத்தம். போன வாரம் அது இல்லை. தாஸிம் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சரித்தார். மயிரிழைபோல ஒரு கீறல்.

யார் கை பட்டது என்று அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. ஏனென்றால் முந்தைய வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியில், ராமநாதனின் மனைவி மீனாம்பாள் தாஸிமின் வீட்டிலிருந்து தட்டையான பையொன்றை முந்தானைக்குள் அணைத்தபடி வெளியேறியதை அவர் கண்டிருந்தார். அப்போது சேலைத் துண்டு என்று நினைத்தார். இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. ஊசி ராமநாதனிடம். மனைவியை அனுப்பித் தட்டையும் எடுத்திருக்கிறான். வேறெங்கோ ஒரு பாட்டுப் பெட்டியில் போட்டுத் தனியாகக் கேட்டிருக்கிறான்!

"உங்க வீட்டம்மாவ அனுப்பிக் களவெடுத்தீங்களா?" என்றார், மர்ஸூக்கின் முன்னாலேயே.

ராமநாதனின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, உள்ளே சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்து, அடக்கிக்கொண்டார்.

"நான் அந்தத் தட்டத் தொடல நாநா. இதுக்கு மேல கேக்காதீங்க."

"கேட்டா என்ன? பதில் இல்லையா?"

ராமநாதன் தீப்பெட்டியை மேசையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மர்ஸூக், "நாநா, களவென்ட சொல் கூடிப் போச்சு," என்றார். தாஸிமுக்கு அவர் மீதும் சந்தேகம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை நீலக்குன்று கோஷ்டி பதுளைக்கே வந்தது. பகல் நிகழ்ச்சி. அடுத்தடுத்து மூன்று கதிரைகளுக்கு எப்போதோ டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு கதிரை கடைசிவரை காலியாகவே கிடந்தது. குற்றவாளி வரமாட்டான் என்று தாஸிம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனாலும் கண் அந்தப் பக்கமே போனது.

பொழுது சாய முன் வீடு வந்தார். மனைவி லரீபா தேத்தண்ணி வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மூணாவது பாட்டுப் படிச்சாங்களா? நடுவுல கிட்டார் நின்டு திரும்ப வருமே, அதையும் அப்படியே செஞ்சாங்களா?"

தாஸிமின் கை கோப்பையிலேயே நின்றது. இந்த வீட்டில் ரேடியோகிராம் இல்லை. அந்தப் பாட்டை அவர் வாயால் முணுமுணுத்ததுகூட இல்லை.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

லரீபா சுவரைப் பார்த்தாள். பிறகு, பயந்தது போதும் என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை நீங்களும் மர்ஸூக்கும் ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போனதும், நாங்க மூணு பேரும் ஸுபைரா தாத்தாட வீட்டுல கேக்குறம். தட்டோட நான் போனா யாராவது உங்கள்ட செல்லிடுவாங்க. அதுதான் மீனாம்பாள் எடுத்துட்டுப் போறா. கீறினது நான்தான். கை நடுங்கிட்டு."

அக்கா முறையில் லரீபா 'தாத்தா' என்று அழைக்கும் ஸுபைரா, மர்ஸூக்கின் மனைவி. ராமநாதன் அன்று ஏன் சமையலறைப் பக்கம் பார்த்தார் என்பது தாஸிமுக்கு இப்போது புரிந்தது.

"ராமநாதனுக்கு... தெரியுமா?"

"ஊசியத் தந்ததே அவர்தானே. உங்கள்ட செல்ல வாணாமென்டு நாங்கதான் கெஞ்சிக் கேட்டம்."

"என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே, லரீபா!"

"கேட்டா விட்டீப்பீங்களா?"

தாஸிம் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். ஆணிப் பெட்டியின் அடிவரை துழாவிய மனுஷன், சொந்த வீட்டில் ஒரு நாளும் எதையும் கேட்டுப் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்ட அந்தச் சிவந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் காலை, கோவிலுக்குப் போய் வந்து கடை திறந்த ராமநாதன் துணி மடித்துக்கொண்டிருந்தார். தாஸிம் படியேறினார். அன்று ராமநாதன் விட்டுப்போன தீப்பெட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"இது உங்கள்ட்டயே ஈக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குக் குடுத்தனுப்புங்க. தட்ட நானே எடுத்துக் குடுக்குறேன்." தீப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். "நான் செல்லக் கூடாத சொல் செல்லிட்டேன், ராமநாதன்."

ராமநாதன் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். கோபம் முழுக்கத் தீரவில்லை என்பது கையிலேயே தெரிந்தது. கடைசியில், பாட்டுப் பைத்தியம் விடவில்லை.

"நேத்து மூணாவது பாட்ட எப்படிப் பாடினாங்க?"

"தெரியா," என்றார் தாஸிம். "உங்க கதிரையப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."