தாய்மாமனுக்கு ஒரு தோள்

தளவாய்புரம் அழகுத்தாய் தன் அண்ணன் ஐயாதுரையைப் பற்றி யாரிடமும் கெட்டதாகச் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படி நல்லதும் அவரிடம் இருந்ததில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை, வாசலில் வெள்ளை அம்பாசிடர், வாய் நிறைய வெற்றிலை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, தங்கை மகன் தனுஷ்கோடியின் காதுகுத்துக்கு வெறுங்கையோடு வந்து, பிள்ளையை மடியில் உட்காரவைத்து, மூக்கு முட்டச் சாப்பிட்டுப் போனவர். புருஷன் இறந்த பிறகு அழகுத்தாய் பாவாடை தைத்துத்தான் மகனைப் படிக்கவைத்தாள்.

பையன் கடற்படை அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானபோது, கப்பலில் கரி அள்ளுவதற்குப் பதில் ஆலையில் துணி பேல் தூக்கலாமே என்றார் ஐயாதுரை. ஆனால் பயிற்சி நடந்த கோவாவிலிருந்து அவன் எழுதிய கடிதங்களை விடாமல் வாங்கிப் படித்தார். அங்கே விருந்தில் நாட்டுக்கு வாழ்த்துச் சொல்லும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்களாம்; பழைய கப்பலில் கூரை தலையில் இடித்த காலத்து வழக்கமாம். இதெல்லாம் ஒரு மரியாதையா என்று வெற்றிலையைத் துப்பினார்.

1991இல் பயிற்சி முடிந்தது. அணிவகுப்புக்குப் பின் பெற்றோர் வந்து, மகனின் தோளில் பதவியைக் காட்டும் தங்கநிறப் பட்டையை மூடியிருக்கும் கறுப்புத் துணியை எடுத்துவிடுவது அங்கே முறை. தாய்க்கு ஒரு தோள், தகப்பனுக்கு ஒரு தோள். அந்தத் தகப்பன் தோள் ஐயாதுரையின் கண்ணில் பட்டுவிட்டது. தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் வேறு யார் தொடுவது? பட்டுத் துண்டும் மாலையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுமாக ரயிலேறினார். மருமகனைத் தான் ஆளாக்கிய கதையைக் கன்னடத்தாருக்கும் மராத்திக்காரருக்கும் தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். அழகுத்தாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். இரண்டு தோளையும் தானே திறக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கூடப்பிறந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மைதானத்தில் தனுஷ்கோடி விறைத்து நின்றான், அசையக் கூடாது. ஐயாதுரை, கோயிலில் பரிவட்டம் கட்டுகிற மாதிரி, பட்டுத் துண்டை அவன் தொப்பியைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். ஓர் அதிகாரி பதறிக்கொண்டு வந்து, பையனின் அப்பாவா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"ஆமா, ஃபாதர்" என்றார் ஐயாதுரை, கொஞ்சமும் கூசாமல்.

ரயிலில் அடித்த பீற்றலையெல்லாம் பொறுத்துக்கொண்டவளுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

"இல்ல சார். ஃபாதர் போய்ச் சேந்தாச்சு. இது எங்க அண்ணன்."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவள் தலையை ஆட்டியது புரிந்தது. அழகுத்தாய் குரலை உயர்த்தாமல் அண்ணனிடம் திரும்பினாள்.

"செத்த தள்ளி நில்லுங்கண்ணே. காதுகுத்துக்கு மடி குடுத்தீக, அம்புட்டுப் போதும். இந்தத் தோளு ரெண்டும் நான் தைச்சு வளத்தது."

துண்டை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். வலது தோளைத் திறந்தாள். சுற்றி வந்து இடது தோளையும் திறந்தாள். தனுஷ்கோடி பார்வையைத் திருப்பாமலே, "மாமா, மாலைய நீங்களே போட்டுக்கிடுங்க" என்றான்.

சபையில் தங்கை மூக்கை அறுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஐயாதுரை, மருமகன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று ஆள் விட்டார். அழகுத்தாய் அந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள்.