திறந்து கிடந்த வீடுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், குற்றாலத்தை அடுத்த மேலகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரைப் பற்றிக் குறிப்பெழுதி வர என்னை ஆபீஸில் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஊரில் ஓர் ஆள் இல்லை. எல்லா வீடும் திறந்து கிடந்தது. வாசல்களில் பாய் விரித்து, அவித்த நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ‘மக்கள் பொறுப்பற்றவர்கள், வீட்டைப் பூட்டுவதில்லை’ என்று மும்முரமாக எழுதினேன். சாரல் விழுந்தது. தாள் நனையாமல் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

ஈரத் தலையோடு ஒரு பெண் ஓடி வந்தாள்.

“குத்தாலத்துல தண்ணி விழுதுன்னு ஊரே குளிக்கப் போயிருக்கு. நீங்க இங்கனதான இருந்திய அண்ணாச்சி? நெல்லு நனையுதே, உள்ள இழுத்துப் போடக்கூடாதா?”

“அடுத்தவங்க வீட்டுக்குள்ள எப்படிம்மா போறது?”

“அதுக்குத்தான கதவைத் தொறந்து போட்டுட்டுப் போறோம்! மழை வந்தா, இருக்கவங்க எடுத்து வைக்கணும்லா?”

பேனாவை மூடிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். இருவரும் வீடு வீடாகப் பாய்களை உள்ளே இழுத்தோம். குளித்துவிட்டுத் திரும்பிய கூட்டம், தலையெல்லாம் நெல்தூசியாக நின்ற என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த ‘பொறுப்பற்றவர்கள்’ வரியை அடித்தேன். அன்று அந்த ஊரில் அப்படி இருந்தவன் நான் ஒருவன்தான்.

இன்றும் தூறல் விழுந்தால், என் கண் முதலில் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குத்தான் போகிறது.