ஐயனார் காட்டில் சிவப்புப் பூ

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. கரிக்காக எங்கள் பக்கத்து உசில், வேல மரங்களெல்லாம் வெட்டுப்பட்டன. திருச்சுழிக்கு அருகே மிஞ்சியிருந்தது ஐயனார் கோயில் காடு ஒன்றுதான். அதையும் ஒரு காண்டிராக்டர் கேட்டிருந்தார். அந்தக் காட்டில் என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று எழுத ஓர் அதிகாரி வந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து அவரை ஏற்றி வந்தது என் மாட்டு வண்டி.

காலணியைக் கழற்றிவிட்டு அவர் முள்ளுக்குள் நடந்தார். காரை, ஆதண்டை, கிளுவை என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஒரு கொடியின் முன் மட்டும் நின்றுவிட்டார். எனக்கும் அதன் பெயர் தெரியவில்லை.

"இது எங்கேயும் நான் பார்க்காதது. பூவோட ஒரு கொப்பு மேலிடத்துல கொண்டுபோய்க் காட்டினா, காட்டை வெட்டாம விட்டுடுவாங்க" என்றார்.

அந்தக் காட்டிலிருந்து ஓர் இலைகூட வெளியே போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டோம். அவர் சிரித்தார். "தொப்பி போட்டவுக கேட்டா சாமி தலைய ஆட்டிருமாக்கும்? பூக்கட்டிப் பாப்போம்."

வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். என்னை எடுக்கச் சொன்னார். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

பூசாரி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒடிச்சுக்கங்கய்யா, யாரு பாக்கா? காடு பொழைக்கணும்ல" என்றேன்.

"கேட்டாச்சு. வேண்டாம்னு பதிலும் வந்தாச்சு. இனி ஒடிச்சா, கேட்டதே பொய்யாயிடும்ப்பா."

அப்படியே தரையில் குப்புறப் படுத்தார். எறும்பு கடிக்கக் கடிக்க, அந்தக் கொடியின் இலையையும் பூவையும் நரம்பு விடாமல் பென்சிலால் வரைந்தார். பொழுது சாயும்வரை நான் மாட்டை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுமழைக்கு முன்பே, காட்டை வெட்டக் கூடாது என்று உத்தரவு வந்ததாகத் தண்டோரா போட்டார்கள். அந்தப் படத்தாலா, வேறு காரணத்தாலா, எனக்குத் தெரியாது. ஆனால் யாரிடமாவது ஒன்றைக் கேட்கப் போகும்போது, இல்லை என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் மனம் எனக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்றும் வாய் திறக்கிறேன்.